ராட்டைக்குப் பேட்டை இல்லை

1

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னைக்கு வந்த புதிதில், ஊர் எது என்று கேட்பவர்களிடம் 'வீரசோழன்' என்பேன். தமிழ்த்துறைக்காரர்கள் உடனே வீரசோழியத்துக்குப் போய்விடுவார்கள். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதி, வீரராசேந்திர சோழனின் பெயரை வைத்த இலக்கணம் அது. எங்கள் ஊரோ அருப்புக்கோட்டை தாண்டி, திருச்சுழி தாண்டி, கண்மாயும் சீமைக் கருவேலுமாகக் கிடக்கும் வானம் பார்த்த பூமி. அரசன் பெயரைச் சுமக்கும் ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, ஊர்ப் பெயர்கள் மேல் எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. கண்மாய்க்கரைக்கு மண் சுமந்த பெண்களின் பெயரை எந்த ஊரும் வைத்துக்கொண்டதில்லை.

அப்போது நான் தங்கியிருந்த பெண்கள் விடுதி சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி இருந்தது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் அப்படி மருவியது என்று யாரோ சொன்னார்கள். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்தான். எனக்கு அது ஊர் ஞாபகத்தைக் கிளப்பிவிட்டது. பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு வருடமும் நான் அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவள். காலை ஐந்து மணிக்குத் தறிச் சத்தம் தொடங்கிவிடும். அதனால் சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் நடக்கும்போதெல்லாம் என் காது தறியைத் தேடியது. மீன் சந்தை இருந்தது. இரட்டைக் கோயில் இருந்தது. தலைக்கு மேலே பறக்கும் ரயில் ஓடியது. தறி மட்டும் இல்லை.

தறி போனதை எல்லாரும் வருத்தத்தோடு சொல்கிறார்கள். சென்னையைப் பற்றிய எந்தப் புத்தகத்திலும் அதற்கு ஒரு பத்தி இருக்கும். எனக்கு எழுந்த கேள்வி வேறு. இத்தனை தறிக்கும் நூல் நூற்றவள் யார்? அவள் எங்கே போனாள்?

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதற்கு என் அப்பத்தாதான் காரணம். அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

2

முதலில், நமக்குச் சொல்லப்பட்ட கதை.

1734-ஆம் ஆண்டு. கோட்டையில் ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநர். கும்பினியின் ஏற்றுமதிக்குத் துணி போதவில்லை. நெசவாளர்கள் உள்நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களைத் தன் எல்லைக்குள், தன் கண்காணிப்பில் குடியமர்த்தினால் சரக்கும் நிச்சயம், விலையும் கைக்குள் என்று கும்பினி கணக்குப் போடுகிறது. கூவம் ஆறு மூன்று பக்கம் வளைந்தோடும் இடத்தில் ஒரு பெரிய தோட்டம் இருந்தது. கும்பினியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராமச் செட்டியின் தோட்டம். அதை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு நெசவுக் கிராமத்தை உண்டாக்குகிறார்கள். ஆதிபுரீசுவரர், ஆதிகேசவப் பெருமாள் என்று சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள் எழுகின்றன. கும்பினியோடு வணிகம் செய்த துபாஷிகளின் பெயர்கள் அந்தக் கோயில்களோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அதன் பிறகு நகரம் வளர்கிறது. சிந்தாதிரிப்பேட்டைக்கு முன்பே, 1693-இல் எழும்பூரும் புரசைவாக்கமும் தண்டையார்பேட்டையும், 1708-இல் நுங்கம்பாக்கமும் திருவொற்றியூரும் கும்பினியின் கைக்கு வந்திருந்தன. 1742-இல் வேப்பேரியும் பெரம்பூரும் வந்தன. ஒவ்வொன்றும் ஏரியும் வயலும் கோயிலும் உள்ள தனி ஊர். ஒவ்வொன்றும் மெல்ல மெல்ல ஒரு நகரத்தின் வார்டு எண்ணாக மாறியது. அந்த வேலை இன்னும் நிற்கவில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சி அமைப்புகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் 25 கிராம ஊராட்சிகள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. அரசாணைகளில் இதற்குப் பெயர் 'இணைப்பு'. இணைப்பு என்றால் இரண்டு பக்கமும் கைநீட்ட வேண்டும். இங்கே ஒரு பக்கம்தான் கை. மறுபக்கம் இருந்தது ஏரி, மேய்ச்சல் நிலம், களத்துமேடு.

சிந்தாதிரிப்பேட்டையின் கதை ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய பெருநூலில் இருக்கிறது. எஸ். முத்தையா தொடங்கிப் பலரும் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது. அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்: இந்தக் கதையில் வினைமுற்றுக்கெல்லாம் எழுவாய் ஆண்தான். ஆளுநர் ஆணையிட்டார், செட்டி தோட்டத்தை இழந்தார், துபாஷி கோயில் கட்டினார், நெசவாளர் வந்தார், போனார்.

3

அந்தக் கிராமத்தில் யார் யார் குடியேறலாம் என்று கும்பினி ஒரு பட்டியல் வைத்திருந்தது. நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் எழுதுவோர், வெளுப்போர் ஆகியோர் அதில் உண்டு. கோயிலுக்கு வேண்டிய பிராமணர்களும் நடனப் பெண்களும் உண்டு. சீட்டித் துணி உலகச் சந்தைக்குப் போவதற்கு என்னென்ன கைகள் வேண்டுமோ, அத்தனையும் ஒரே இடத்தில்.

இந்தப் பட்டியலை ஒரு கவிதையைப் படிப்பதுபோல் நிறுத்திப் படியுங்கள். பெண்கள் அதில் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். நடனப் பெண்கள் பெண்களாகவே தெரிகிறார்கள். இன்னொரு இடம் 'நூற்போர்'. தமிழில் அது பலர்பால். ஆணா பெண்ணா என்று காட்டாது. கும்பினியின் ஆங்கிலச் சொல்லும் காட்டாது. ஆனால் இந்தியா முழுவதும் பருத்தி நூற்பது பெரும்பாலும் பெண்கள் வேலை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பலர்பால் விகுதிக்குள் ஒரு பெண் கூட்டமே உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறது.

கணக்கையும் பார்ப்போம். கையால் நூற்ற காலத்தில் ஒரு தறி நிற்காமல் ஓட வேண்டுமானால் நாலைந்து பேராவது நூற்றுக்கொண்டே இருக்க வேண்டும். நூல் நயமாக ஆக ஆள் கூடும். அப்படியென்றால் நூறு தறி உள்ள ஊருக்குப் பின்னால் நானூறு, ஐந்நூறு ராட்டைகள். எண்ணிக்கையில் நூற்பவளே அதிகம். ஊரின் பெயரில் இருப்பதோ தறி.

ஏன்? தறிக்கு இடம் வேண்டும். குழி வேண்டும், பாவு நீட்டத் தெரு வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும். தறிக்காரருக்குச் சாதிப் பெயர் உண்டு, தெரு உண்டு, சாதித் தலைவர் உண்டு, கும்பினியோடு பேசி முன்பணம் வாங்கிக் கொடுக்க இடைத்தரகர் உண்டு. வெளுப்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டை என்று ஒரு பேட்டையே உண்டு. ராட்டைக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவே இரண்டடி இடம் போதும். பல சாதிப் பெண்களும் நூற்றார்கள். அதனால் அது எந்தச் சாதியின் தொழிலாகவும் பதிவாகவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரம் போக, உலை வைத்த நேரம் போக, மிஞ்சிய நேரத்தில் செய்த வேலை. மிஞ்சிய நேரத்தில் செய்வதை யார் தொழில் என்று எழுதுவார்கள்?

சென்னையின் பழைய பேட்டைப் பெயர்களை அடுக்கிப் பாருங்கள். தறிக்குப் பேட்டை உண்டு, வெளுப்புக்குப் பேட்டை உண்டு. ராட்டைக்குப் பேட்டை இல்லை.

ஒரு சிறு சமூகத்தை நகரம் விழுங்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் அழிவதில்லை. பெயர் கடைசி வரை நிற்கும். கோயில் நிற்கும். பெயரும் தெருவும் இல்லாத வேலைதான் முதலில் போகும். அது போனது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இருந்ததாகவே எழுதப்படவில்லை. 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது கோயில் பெண்களைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் பெரிய வாதம் நடந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. நூற்ற பெண்களுக்காக வாதாடவும் ஆளில்லை, எதிர்வாதம் செய்யவும் ஆளில்லை.

4

இதில் ஒரு தமிழாசிரியையாக என் பங்கும் உண்டு.

நன்னூல் பாயிரத்தை நான் பல வருடமாக நடத்துகிறேன். 'நூல்' என்ற சொல் இழைக்கும் புத்தகத்துக்கும் எப்படிப் பொதுவாயிற்று என்பதற்கு அதில் ஒரு செய்யுள் உண்டு. பஞ்சு என்பது சொல். இழை என்பது பனுவல். கை என்பது வாய். கதிர் என்பது அறிவு. எல்லாம் சொல்லிவிட்டுப் புலவனை யாருக்கு ஒப்பிடுகிறது தெரியுமா? நூற்கும் பெண்ணுக்கு. தமிழ் இலக்கண மரபு, எழுதுகிறவனுக்கு உவமை தேடியபோது தறியில் உட்கார்ந்த ஆணிடம் போகவில்லை. ராட்டையில் உட்கார்ந்த பெண்ணிடம் வந்தது. நானோ அந்தச் செய்யுளை உருவகம், உவமை, தேர்வில் ஐந்து மதிப்பெண் என்று நடத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு மாணவி, "அப்போ பெண்கள்தான் நூல் செஞ்சாங்களா, மேடம்?" என்று கேட்ட நாளில்தான் எனக்கு உறைத்தது. அவள் எந்த நூலைக் கேட்டாள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

சங்கப் பாடல்களும் அவளை மறக்கவில்லை. புறநானூறு அவளைப் பருத்திப் பெண்டு என்கிறது. இரவில் சிறு விளக்கு வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள் அவள். நற்றிணையில் ஒரு பாட்டு நூற்கும் பெண்களை ஆண் துணை இல்லாதவர்கள் என்று அறிமுகம் செய்கிறது. உரைகாரர்கள் கைம்பெண்கள் என்று விளக்குவார்கள். நூற்பு, கணவன் இல்லாத பெண்ணின் சோறு. அந்த உண்மை அங்கே ஒரு சொல்லில் பதிந்திருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'ஸ்பின்ஸ்டர்' என்றால் முதலில் நூற்பவள். போகப் போக அது சட்டப் பத்திரங்களில் திருமணம் ஆகாத பெண்ணைக் குறிக்கும் சொல்லாயிற்று. கடைசியில் வசைச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொழிலின் பெயர் தேய்ந்து, அவளுக்குக் கணவன் இருக்கிறானா இல்லையா என்ற தகவல் மட்டும் மிஞ்சியது.

நம் ஊரிலும் ஒரு சொல் பிறந்தது. தென்மாவட்ட, கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்கு இளம்பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து, விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகையைத் திருமணச் செலவுக்கென்று கொடுப்பதாகச் சொன்னார்களே, அதன் பெயர் 'சுமங்கலித் திட்டம்'. இரவு ஷிப்டில் நின்றுகொண்டு இழை பிணைத்த பெண்ணை நூற்பாலைத் தொழிலாளி என்று அழைக்காமல், இனிமேல் ஆகப்போகிற மனைவி என்று அழைத்தார்கள். அந்த வேன்கள் எங்கள் பக்கத்து ஊர்களுக்கும் வந்தன.

கணவன் இல்லாதவள், திருமணம் ஆகாதவள், சுமங்கலி ஆகப்போகிறவள். இரண்டாயிரம் வருட இடைவெளியில், இரண்டு மொழிகளில், நூற்கும் பெண்ணை அவள் கையை வைத்து அடையாளம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கழுத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறோம்.

5

சிந்தாதிரிப்பேட்டையின் ராட்டைகள் எப்படி நின்றிருக்கும்?

1760-களிலிருந்து இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் வந்தன. ஆர்க்ரைட்டின் இயந்திரத்துக்கு 1769-இல் காப்புரிமை. 1779-இல் கிராம்ப்டனின் 'மியூல்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஆலை நூல் இந்தியச் சந்தைக்குள் வந்து இறங்கியது. கைநெசவு அடி வாங்கினாலும் அதே ஆலை நூலை வாங்கி நெய்து பிழைத்துக்கொண்டது. இன்று வரை பிழைத்திருக்கிறது. கைநூற்புக்கு அந்த வழி இல்லை. தறிக்காரருக்கு மலிவாக நூல் கிடைத்தது. நூற்பவளுக்கு வேலை போயிற்று. கைத்தொழில் அழிந்தது என்று ஒரே மூச்சில் நாம் சொல்லும் வரலாற்றுக்குள் இப்படி ஒரு பிளவு இருக்கிறது. அந்தப் பிளவு ஒரே வீட்டுக்குள் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவேகூட ஓடியிருக்கலாம்.

சென்னையில் எந்த நூற்புக்காரியும் இதைப் பற்றி எழுதி வைத்ததாக நம் கையில் எதுவும் இல்லை. வங்காளத்திலிருந்து ஒரு குரல் இருக்கிறது. 1828-இல் 'சமாச்சார் தர்ப்பண்' என்ற வங்கப் பத்திரிகையில் சாந்திப்பூரைச் சேர்ந்த நூற்கும் பெண் ஒருத்தியின் பெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்தவள். மூன்று பெண் குழந்தைகள். ராட்டை சுற்றி மாமனார் மாமியாரைக் காப்பாற்றினாள், பெண்களைக் கட்டிக் கொடுத்தாள். நூல் வாங்கும் நெசவாளர்கள் வீடு தேடி வருவார்கள், முன்பணம்கூடக் கொடுப்பார்கள். பிறகு வருவது நின்றுபோயிற்று. விசாரித்தால் சீமையிலிருந்து நூல் வந்து இறங்குகிறதாம். அந்த நூலை வரவழைத்துப் பார்க்கிறாள். அப்போது அவளுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது: சீமையில் எல்லாரும் செல்வந்தர்கள் என்று நினைத்தேனே, இவ்வளவு மலிவாக நூற்று அனுப்புகிறாள் என்றால் அங்கே என்னைவிட ஏழையான பெண்கள் இருக்க வேண்டும். அந்தப் பெண்களிடமே, இது நியாயமா என்று யோசித்துப் பார்க்கும்படி கேட்கிறாள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். அவளுக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் நூலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கை இருக்கிறது என்று தெரிந்தது. அது பொய்யும் இல்லை. அந்த ஆலைகளில் பெண்களும் குழந்தைகளும்தான் குறைந்த கூலிக்கு நின்றார்கள். கும்பினியின் கணக்குப் புத்தகத்துக்கு எட்டாத ஒன்று, ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு எட்டியது.

6

இனி அப்பத்தா.

என் அப்பத்தா இருபத்தெட்டு வயதில் தாலி அறுத்தவள். இரண்டு பிள்ளைகள். மழை பெய்தால் காட்டு வேலை, பொய்த்தால் கதர் நூற்பு. மாதத்துக்கு இருமுறை நூலைச் சிட்டமாகக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவாளாம். நான் பார்க்கும்போது அவள் நூற்பதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ராட்டைக் கதிர் மட்டும் சுவரில் அடிக்கப்பட்டு அரிக்கேன் விளக்கு மாட்டும் ஆணியாக இருந்தது. வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை பஞ்சை விட்டுப் பின்னால் போக, நூல் எப்படி வரும் என்று வெறுங்கையால் செய்து காட்டுவாள். பேசிக்கொண்டிருக்கும்போது அவளை அறியாமலேயே இடக்கை பின்னால் போகும்.

"கூலி என்ன பெரிய கூலி ஆத்தா, உப்பு புளிக்கு ஆகும். ஆனா அந்தக் காசுக்கு யாருகிட்டயும் கணக்குச் சொல்ல வேண்டியதில்ல" என்பாள்.

கதர் இயக்கத்தை நான் போற்றிப் பாட வரவில்லை. 1925-இல் காந்தி தொடங்கிய அமைப்பின் பெயரே நூற்போர் சங்கம்தான். அங்கும் நூற்பவளுக்கே மிகக் குறைந்த கூலி கிடைத்தது. பத்து வருடம் கழித்து 1935-இல், இவளுக்கு வாழ்வதற்கான கூலி வேண்டும் என்று காந்தியே சங்கத்தாரிடம் வற்புறுத்த வேண்டியிருந்தது. அப்பத்தாவின் காலத்திலும் அது உப்பு புளிக்கு மேல் போகவில்லை.

அவளுக்கு வயதானபோது முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதியது நான்தான். ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "சும்மாதான இருக்கேன்" என்றாள். 'இல்லை' என்று எழுதினேன். கும்பினியின் எழுத்தர்மேல் நான் சுமத்தும் குற்றத்தை என் கையாலேயே ஒருமுறை செய்திருக்கிறேன்.

7

ஊர் நல்லது, நகரம் கெட்டது என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. சிந்தாதிரிப்பேட்டை ஆதியிலிருந்து வந்த ஊரே அல்ல. கும்பினி தன் சரக்குக்காக உண்டாக்கிய வேலைக் குடியிருப்பு. முன்பணம் வாங்கியவர் கடனாளி. தெருக்கள் சாதிப்படி. கிராமத்தைப் போற்றுகிறவர்களுக்கு 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்ன பதிலை நாம் மறக்கக் கூடாது. அவருக்குக் கிராமம் என்பது குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம். எங்கள் பக்கத்துச் சேரிகளிலிருந்து சென்னைக்கு வந்த பெண்கள் பலர், பேர் தெரியாத தெருவில் பேர் தெரியாத கடையில் எல்லாரும் குடிக்கும் டம்ளரில் டீ குடித்ததைத்தான் முதல் விடுதலையாகச் சொல்வார்கள். நகரத்துக்குள் கரைந்துபோவது சிலருக்குத் தப்பித்தலும்கூட.

ஆனால் அந்தத் தப்பித்தலுக்கும் நகரம் ஒரு தவணை வைத்திருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தோடே கடலை நோக்கி நடந்தால், தீவுத்திடலை ஒட்டிச் சத்தியவாணிமுத்து நகர் இருந்தது. 1967-இல் அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்ற தலித் பெண் தலைவரின் பெயர் அந்த இடத்துக்கு. 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், கூவம் சீரமைப்புக்காக அங்கிருந்த குடும்பங்களை இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்துத் தெருக்களில் வீட்டுவேலை செய்தவர்கள், பூக்கட்டி விற்றவர்கள், மீன் விற்றவர்கள் அந்தப் பெண்கள். வீட்டுக்கு மாற்றாக ஒரு வீடு என்று கணக்கு முடிந்தது. ஆண்களின் பெரும்பாலான வேலைகளுக்கு ஒரு பஸ் பாஸாவது தீர்வாகலாம். காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, எட்டு மணிக்கு ஒரு வீடு, நடுவில் ஓடிவந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்று ஒரு தெருவை வைத்துக் கட்டிய வேலைக்கு இருபது கிலோமீட்டர் என்பது முடிவு.

1734-இல் அதே ஆற்றின் கரையில் பெண்களின் உழைப்பு வேண்டியிருந்தது, அழைத்தார்கள். 2019-இல் கரை வேண்டியிருந்தது, அனுப்பினார்கள். இரண்டு முறையும் குடும்பங்களை எண்ணினார்கள். அந்தக் குடும்பங்களுக்குள் பெண்கள் செய்த வேலையை எண்ணவில்லை. எண்ணப்படாத வேலைக்கு இழப்பீடு கேட்க முடியாது. பெண்ணியம் வரலாற்றை மறுபடி எழுதச் சொல்வது பழம்பெருமைக்காக என்று நினைக்கும் மாணவிகளுக்கு இதைத்தான் சொல்வேன். பதிவேட்டில் விடுபட்டவள் நட்டஈட்டிலும் விடுபடுகிறாள்.

8

இப்போது என் வகுப்பில் முதலாண்டு மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். அவரவர் ஊர்ப் பெயரையோ தெருப் பெயரையோ எடுத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குள் வராத பெண்கள் அங்கே என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். முதல் வருடம் பெரும்பாலும் வெறுந்தாள்தான் வந்தது. "கேட்டேன் மேடம், ஒண்ணும் செய்யல, வீட்லதான் இருந்தேன்னு சொல்றாங்க."

தவறு அவர்களிடம் இல்லை, கேள்வியில் இருந்தது. என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டால் எந்த அப்பத்தாவும் அம்மாச்சியும் சும்மா இருந்தேன் என்றுதான் சொல்வாள். மறு வருடம் கேள்வியை மாற்றினேன். 'உன் கையில் காசு எப்படி வந்தது, அதை எங்கே ஒளித்து வைத்தாய்?'

தாள்கள் நிறைந்து வந்தன. தார் சுற்றியது, தீப்பெட்டி ஒட்டியது, கருவேலங்கரி மூட்டம் போட்டது, சாணி தட்டி விற்றது, சந்தையில் கோழி விற்றது, அடுத்தவள் பிள்ளைக்குப் பேறு பார்த்தது. அரிசிப் பானை, அடுக்குப் பானையின் மூன்றாம் பானை, சேலைத் தலைப்பு முடிச்சு, கூரைச் செருகல் என்று ஒளித்த இடங்களும் வந்தன. ஒருத்தி தன் அம்மாச்சி ராட்டை நூற்றதைக் கேட்டு எழுதியிருந்தாள். கடைசி வரியில், 'இதை அம்மாச்சி இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம், யாரும் கேட்கவில்லையாம்' என்று இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். அவள் இருக்கும்போதே கேளுங்கள். அவள் சொன்னதை அவள் பெயர் போட்டு எழுதி வையுங்கள்.